பங்குனி வெயில்: பொழுதை இப்போதே மாற்றி வையுங்கள்

பங்குனி முடியப்போகிறது. கத்தரி வெயில் தொடங்க மே 4 வாக்கில் ஆகும், இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே என்று பல வீடுகளில் பேச்சு நடக்கிறது. வெயில் அதுவரை காத்திருக்காது. ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் சூரியன் கன்னியாகுமரிக்கு நேர் உச்சியில் நிற்கும். அங்கிருந்து நாளுக்கு நாள் வடக்கே ஏறி, 24-ஆம் தேதி வாக்கில் சென்னைக்கு உச்சியில் வந்துவிடும். அன்று நண்பகலில் ஒரு கம்பை நட்டு வைத்தால் பக்கத்தில் நிழலே விழாது. நம் உடம்புக்கோ சூட்டுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் வேண்டும். அந்தப் பழக்கம் வருவதற்கு முன்னால் அடிக்கிற முதல் கடும் வெயிலில்தான் பலர் சுருண்டு விழுகிறார்கள். ஆகவே செய்ய வேண்டியதைக் கத்தரிக்கு என்று தள்ளி வைக்காமல் இந்த வாரமே தொடங்குங்கள்.

முதலில் எதைச் செய்வது என்று கேட்டால், ஏசி வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். பொழுதை மாற்றி வையுங்கள் என்பேன். காலை 11 மணியிலிருந்து மாலை 4 மணி வரை வெளியே போக வேண்டிய வேலை எதுவும் இல்லாதபடி நாளைத் திருப்பி அடுக்க வேண்டும். காய்கறிக் கடை, மருந்துக் கடை, வங்கி எல்லாம் பத்தரைக்குள் முடியட்டும். நடைப்பயிற்சி போகிறவர்கள் ஐந்தரைக்கே கிளம்பி, வெயில் உறைப்பதற்குள் வீடு திரும்பிவிடுங்கள். சமையலை எட்டரைக்குள் முடித்து அடுப்பை அணைத்துவிட்டால் அடுப்படிச் சூடு மதியம் வரை வீட்டுக்குள் தங்காது. மதியம் ஒரு மணி நேரம் படுத்து எழுவதைச் சோம்பல் என்று யாரும் சொல்ல வேண்டாம். அதிகாலையில் எழுந்த உடம்புக்கு அது தேவை.

ஊருக்கு ஊர் வெயில் வேறு. வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தி, மதுரைப் பக்கம் இருப்பவர்களுக்கு வறண்ட சூடு. வேர்வை சட்டென்று காய்ந்துவிடும், உடம்பிலிருந்து எவ்வளவு நீர் போனது என்றே தெரியாது. தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டியவர்கள் இவர்கள். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடிப் பக்கம் புழுக்கம். வேர்வை வழியும், ஆனால் காயாது. காயாத வேர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. அதனால்தான் வானிலைத் துறை வெப்ப அலை கணக்கைச் சமவெளிக்கு 40 டிகிரியிலும் கடலோரத்துக்கு 37 டிகிரியிலும் தொடங்குகிறது. சென்னையில் வழக்கமாக நண்பகலை ஒட்டிக் கடற்காற்று வந்து சூட்டைத் தணிக்கும். மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் அது இரண்டு மணி, மூன்று மணி என்று பிந்தும். பகல் ஒரு மணிக்கும் கிழக்கிலிருந்து காற்று அசையவில்லை என்றால் அன்று வெளிவேலையை அப்படியே நிறுத்திவிடுங்கள். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. கடலோரம்தானே என்று அலட்சியமாக இருக்க முடியாது.

வானிலை அறிக்கையில் எல்லோரும் பார்ப்பது அதிகபட்ச வெப்பநிலையை. பக்கத்திலேயே இருக்கும் குறைந்தபட்ச அளவையும் பாருங்கள். இரவிலாவது சூடு தணிந்தால்தான் உடம்பு தேறும். ராத்திரி முழுக்கப் புழுங்கி, தூக்கம் கெட்டு விடிந்த நாளில் வேலையைப் பாதியாகக் குறையுங்கள். வீட்டில் முதியவர் இருந்தால் அன்று இரண்டு மடங்கு கவனம் தேவை.

வீட்டில்

மொட்டை மாடிதான் வீட்டின் அடுப்பு. பகல் முழுக்க கான்கிரீட் வாங்கி வைத்த சூட்டை இரவெல்லாம் கீழே இறக்குகிறது. மாடியில் தண்ணீர் ஊற்றுவதைவிட வெள்ளை அடிப்பது மேல், அதுவும் கோடையில் தண்ணீரை அப்படிச் செலவழிக்கவும் மனம் வராது. கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாளே நீற்ற வைத்து, ஒட்டிப் பிடிக்கக் கொஞ்சம் பசை கலந்து, மாலை நேரத்தில் இரண்டு பூச்சு அடித்தால் போதும். நீற்றும்போது அது கொதிக்கும்; குழந்தைகளை அண்ட விடாதீர்கள், கைக்கு உறை, கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். தகரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடென்றால் மேலே தென்னங்கீற்றைப் பரப்பலாம், ஆனால் தீப்பொறி பறக்கிற இடத்தில் கூடாது.

கிழக்கு சன்னல்களைக் காலை எட்டு மணிக்கு அடைத்துத் திரை போடுங்கள், மேற்கு சன்னல்களைப் பகல் பன்னிரண்டுக்கு. வெளியே சூடு இறங்கியதும் எதிரெதிர் சன்னல்களைத் திறந்தால் காற்று ஊடே போகும். வெளிக்காற்று 40 டிகிரிக்கு மேல் போனால் மின்விசிறி மட்டும் உதவாது, சூட்டையே எடுத்து மேலே வீசும். அப்போது ஈரத் துண்டால் உடம்பைத் துடைத்துக்கொள்ளுங்கள். ஏசி இருப்பவர்கள் 24-க்குக் கீழே இறக்காமல், கூடவே மின்விசிறியை மெதுவாகச் சுழல விடுங்கள். குளிரும் போதும், மின்சாரமும் மிச்சம்.

மண்பானை வாங்குவதாக இருந்தால் இப்போதே வாங்குங்கள். வண்ணம் பூசியதும் பளபளப்பாக மெழுகியதும் வேண்டாம். பானையின் நுண்ணிய துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகும்போதுதான் உள்ளே இருப்பது குளிர்கிறது, பூச்சு அந்தத் துளைகளை அடைத்துவிடும். புதுப் பானையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, முதல் நிரப்பை ஊற்றிவிட்டுப் பிறகு புழங்குங்கள். காற்றோட்டமான மூலையில், ஈர மணல் மேல் வைத்தால் நன்றாகக் குளிரும். வெட்டிவேர் போடுகிறவர்கள் அதை மெல்லிய துணியில் முடிந்து போட்டு, அவ்வப்போது எடுத்து வெயிலில் காயவையுங்கள்.

வடாம் போடும் காலை

வெயிலை வேண்டி நிற்கிற வேலைகளும் உண்டு. கூழ் வடாமுக்கு இதைவிட நல்ல மாதம் இல்லை. இதற்கும் நேரம்தான் முக்கியம்: கூழ் கிளறுவது நாலரை மணிக்கு, ஊற்றி முடிப்பது ஏழு மணிக்குள். பச்சரிசி மாவைக் கட்டி தட்டாமல் கரைத்து, கொதிக்கிற நீரில் விட்டுக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். மாவின் வெண்மை மாறி, கண்ணாடி போல் பளபளத்து, ஈரக் கையால் தொட்டால் ஒட்டாமல் வரும் பதத்தில் இறக்குங்கள். பச்சைமிளகாய் விழுது, சீரகம், பெருங்காயம் சேர்த்து, கொஞ்சம் ஆறியதும் எலுமிச்சை பிழியுங்கள். உப்பு மட்டும் கை அடக்கமாக. காயக் காய உப்பு ஏறும், கூழில் சரியாக இருந்தால் வடாமில் கரிக்கும்.

பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து மாடியில் விரித்து நான்கு முனையிலும் கல் வையுங்கள். கரண்டியால் ஊற்றினால் கூழ் தானே வட்டமாகப் பரவ வேண்டும், தேய்க்கக் கூடாது. ஏழரைக்கு எல்லோரும் கீழே இறங்கிவிடலாம். காக்கையை விரட்டக் குழந்தைகளை வெயிலில் உட்கார வைக்காதீர்கள். மேலே ஒரு மெல்லிய வலைத் துணி போதும். சாயங்காலம் மேல்பக்கம் காய்ந்திருக்கும். மறுநாள் காலையில் துணியைத் திருப்பி, பின்பக்கம் தண்ணீர் தெளித்துச் சற்று நேரம் விட்டால் வடாம் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். தாம்பாளத்தில் பரப்பி இன்னும் இரண்டு நாள் காயட்டும். வளைத்தால் வளையாமல் டக்கென்று உடைய வேண்டும். பாதி காய்ந்ததை டப்பாவில் அடைத்தால் ஆடிக்குள் பூஞ்சை வந்துவிடும். மோர்மிளகாய், சுண்டைக்காய், கொத்தவரை வற்றலுக்கும் இதே வெயில்தான். தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் பேரப்பிள்ளைகளை இந்த ஒரு காலையாவது அவர்களோடு எழுப்பி விடுங்கள்.

குடிப்பதும் தின்பதும்

நீர்மோரில் உப்பு போட மறக்காதீர்கள். வேர்வையில் போவது நீர் மட்டும் இல்லை. கம்பங்கூழும் பழைய சோறும் காலைக்கு உகந்தவை, ஆனால் இந்தச் சூட்டில் சோறு ஒரே இரவில் நன்றாகப் புளித்துவிடும், இரண்டாம் நாளுக்கு வைக்க வேண்டாம். நுங்கு வாங்கும்போது கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். அமுங்கி மீளுவது இளசு. கல் போல இருந்தால் வயிற்றுவலிதான். பதநீர் காலையிலேயே குடிக்க வேண்டியது, வெயில் ஏற ஏறப் புளிக்கும். தர்பூசணியை முழுதாக வாங்கி வீட்டில் வெட்டுங்கள். சாலையோரச் சாறில் போடும் ஐஸ் கட்டி குடிநீரில் செய்ததா என்று கேளுங்கள், பதில் தெளிவாக இல்லையென்றால் ஐஸ் இல்லாமல் வாங்குங்கள்.

வயிற்றுப்போக்கோ கடும் சோர்வோ வந்தால், ஓஆர்எஸ் பொட்டலம் கைவசம் இல்லாதபோது, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி அளந்து கலக்குங்கள். அளவைக் கூட்டாதீர்கள், அதிக உப்பு குழந்தைகளுக்கு ஆபத்து. சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்கள் இளநீர், உப்பு மோர், தண்ணீரின் அளவு எல்லாவற்றையும் தங்கள் மருத்துவரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அப்படியே. இன்சுலினை மண்சட்டிக்குள் மண்சட்டி வைத்து, நடுவில் ஈர மணல் போட்டுக் காக்கலாம். நிறுத்திய காருக்குள் மட்டும் ஒருபோதும் வைக்காதீர்கள்.

விடுமுறைப் பிள்ளைகள்

பரீட்சை முடிந்த பிள்ளைகளை நாள் முழுக்க வீட்டில் அடைக்க முடியாது, வெயிலில் விடவும் முடியாது. காலையில் கிரிக்கெட், மதியம் பல்லாங்குழி, தாயம், ஆடு புலி ஆட்டம் அல்லது நூலகப் புத்தகம், ஐந்து மணிக்கு மேல் மறுபடியும் தெரு. மதியத்தைக் கைபேசி முழுதாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க, வீட்டில் பெரியவர் ஒருவர் தாயக்கட்டையை உருட்டி உட்கார்ந்தாலே போதும்.

நீச்சல் கற்றுக்கொடுக்க இதுதான் நேரம். படி உள்ள கிணற்றிலோ குளத்திலோ, இடுப்பில் சுரைக்குடுக்கையோ டியூபோ கட்டி, நன்றாக நீந்தத் தெரிந்தவர் கூடவே தண்ணீரில் இருக்கட்டும். கல்குவாரிக் குட்டைக்கும், மணல் அள்ளிய ஆற்றுப் பள்ளத்துக்கும் போகவே கூடாது. மேலே பார்த்து ஆழம் தெரியாது. ஒருவர் மூழ்கினால் நீந்தத் தெரியாதவர் குதிக்காமல் கயிறு, வேட்டி, கொம்பு எதையாவது எறிய வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் மூழ்கிய இளைஞர்களில் இருவரை, கரையில் இருந்த மூன்று பெண்கள் தங்கள் சேலையை வீசித்தான் இழுத்துக் காப்பாற்றினார்கள். அவர்களுக்கு அரசு கல்பனா சாவ்லா விருது தந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி அது.

மலைக்குப் போகிறவர்களுக்கு: உதகைக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை வந்திருக்கிறது. கிளம்பும் நாளில் தேடாமல் முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள். வார நாட்களில் போனால் நெரிசல் குறையும். காய்ந்த காட்டுக்குள் மலையேற்றம் வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி உயிர்களை இழந்தோம்.

நமக்காக வெயிலில் வருகிறவர்கள்

பொழுதை மாற்றி வைக்க எல்லோராலும் முடிவதில்லை. நம் வீட்டுப் பாத்திரம் தேய்க்க வரும் அக்கா இரண்டு மணிக்கு நடந்து வருகிறார் என்றால், அது நாம் வைத்த நேரம். காலையிலோ ஐந்து மணிக்கு மேலோ வரச் சொல்லி, அவருக்கு எது வசதி என்று கேட்டு மாற்றுங்கள். பொருள்களை மதியம் தருவிக்காதீர்கள், சாப்பாட்டை ஒரு நாள் வீட்டில் செய்துகொள்ளலாம். வீடு கட்டுகிறவர்கள் மேஸ்திரியிடம் பேசி ஆறு மணிக்கு வேலையைத் தொடங்கி பதினொன்றுக்கு நிறுத்தி, மாலையில் மறுபடி தொடரச் சொல்லுங்கள், கூலியைக் குறைக்காதீர்கள். வைகாசியில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் தகரப் பந்தலுக்குக் கீழே அடுப்பு மூட்டி நிற்கும் சமையற்காரர்களுக்கு மின்விசிறியும் மோரும் முதலில் ஏற்பாடு செய்யுங்கள். தமிழ்நாடு அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது இவர்களைப் போன்றவர்களின் உயிருக்காகத்தான்.

தெருமுனையில் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறவர்கள் திறந்த நாளோடு விட்டுவிடாதீர்கள். தினமும் பானையைக் கழுவி நிரப்ப ஒருவர் பொறுப்பெடுத்தால்தான் பந்தல். பறவைக்கு வைக்கும் தண்ணீர் அகலமான, ஆழமில்லாத சட்டியில், நிழலில் இருக்கட்டும். தினமும் மாற்றாவிட்டால் கொசு முட்டையிடும்.

யாராவது வெயிலில் உளறினால், தள்ளாடினால், உடம்பு நெருப்பாகச் சுட்டால் அது வெறும் மயக்கம் இல்லை, வெப்பத்தாக்கு. 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை காத்திருக்காமல் நிழலுக்குத் தூக்கிப்போய், ஆடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத் துணி வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும்.

கோடைமழையும் வரும். மதியம் புழுங்கித் தீர்த்த நாளில் மாலையில் திடீரென்று கருக்கும். இடி காதில் கேட்ட உடனே மாடி, வயல், மைதானம், குளம் எதுவானாலும் விட்டு இறங்கி வீட்டுக்குள் வாருங்கள். தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள். காய்கிற வடாமை எடுக்க மாடிக்கு ஓடாதீர்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே போகலாம்.