பாற்பல் சொன்ன சாட்சி

உங்கள் பிள்ளைக்குப் பாற்பல் விழுந்தால் என்ன செய்வீர்கள்? கூரைமேல் எறிந்துவிட்டு அணிலிடம் புதுப்பல் கேட்கச் சொல்வீர்கள். அமெரிக்காவில் ஹேர்பேட் நீடில்மன் என்னும் குழந்தை வைத்தியர், அந்தப் பற்களை எறியாமல் தமக்குத் தரும்படி கேட்டார். பொஸ்ரன் நகருக்கு அருகிலுள்ள செல்சி, சொமர்வில் என்னும் இரண்டு ஊர்களில், முதலாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அவற்றைச் சேர்த்து, பல்லினுள் எவ்வளவு ஈயம் தங்கியிருக்கிறது என்று அளந்தார். இரத்தத்தில் ஈயம் குறைந்துபோன பின்னரும் எலும்பும் பல்லும் அதை விடாமல் வைத்திருக்கும். அதனாலேயே பல்லைச் சாட்சிக்கு அழைத்தார்.

அவரது ஆய்வு 1979ஆம் ஆண்டு வெளிவந்தது. பல்லில் ஈயம் மிகுந்த 58 பிள்ளைகளையும் குறைந்த 100 பிள்ளைகளையும் அவர் ஒப்பிட்டார். ஈய நஞ்சேறியதற்கான நோய்க்குறி எதுவும் இவர்களிடம் வெளியே தெரியவில்லை. ஓடி விளையாடிய பிள்ளைகள்தாம். எனினும் ஈயம் மிகுந்தவர்கள் நுண்ணறிவுச் சோதனையில் சராசரியாக ஏறக்குறைய நான்கு புள்ளிகள் பின்தங்கினர். கவனம் சிதறுதல், தொடங்கியதை முடிக்காமை, சொன்னபடி செய்ய இயலாமை என்று ஆசிரியர்கள் குறித்த குறைகளும் பல்லில் ஈயம் ஏற ஏறக் கூடின. எந்தப் பிள்ளையின் பல்லில் எவ்வளவு ஈயம் என்பது அந்த ஆசிரியர்களுக்குத் தெரியாது.

பெற்றோரே, இங்கே சற்று நில்லுங்கள். "மந்தம்", "கவனமில்லாதவன்" என்று பெயர் வாங்கி, அதற்காக அடியும் வாங்கிய பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேர்! எல்லாவற்றுக்கும் ஈயமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அடிக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது என்பதைத்தான் அந்தப் பற்கள் காட்டின.

இது மேல்நாட்டுக் கதை என்று தள்ளிவிடவும் முடியாது. சென்னையில் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து, மூன்று முதல் ஏழு வயது வரையான பள்ளிப் பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயத்தை அளந்தனர். 756 பிள்ளைகளைப் பற்றிய அறிக்கை 2009இல் வந்தது. இரத்தத்தில் ஈயம் கூடிய பிள்ளைகளிடம் கவனக் குறைவும் பதற்றமும் கூடுதலாக இருந்தன. உருவங்களைப் பார்த்து வரைவது போன்ற, கண்ணும் கையும் இணைந்து செய்யும் வேலைகளிலும் ஈயத்தின் தீங்கு தெரிந்ததாக 2011இல் வந்த மற்றோர் அறிக்கை கூறிற்று.

இத்தகைய ஆய்வுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். விரல் நுனியில் ஒட்டியுள்ள தூசி கலந்தாலே இரத்தப் பரிசோதனை பொய் சொல்லிவிடும். பிள்ளையை அதன் தாய்மொழியில், பயமுறுத்தாமல் சோதிக்கத் தெரிய வேண்டும். எல்லாவற்றிலும் கடினமானது, வறுமை செய்த தீங்கையும் ஈயம் செய்த தீங்கையும் பிரித்தறிவது. வீட்டு வருமானம், தாய் தந்தையரின் படிப்பு ஆகியவற்றையெல்லாம் கேட்டறிந்து கணக்கிற் சேர்த்த பின்னரே முடிவு சொல்லலாம். மட்டக்களப்பில் மருத்துவமும் சம்மாந்துறையில் விஞ்ஞானமும் படிக்கும் நம் பிள்ளைகள் இந்தத் துறையையும் எண்ணிப் பார்க்கலாமே.

ஈயம் எப்படி மூளையைத் தொடுகிறது? நம் உடல் ஈயத்தைச் சுண்ணாம்புச் சத்தாகிய கல்சியம் என்று எண்ணி ஏமாந்துபோகிறது. மூளை நரம்புகள் ஒன்றோடொன்று தொடர்பு கொள்ளக் கல்சியம் தேவை. அந்த இடத்தில் ஈயம் புகுந்து தொடர்பைக் குழப்புகிறது. விழுங்கிய ஈயத்தில் வளர்ந்தவர்கள் உறிஞ்சுவதைப் போல நான்கைந்து மடங்கைச் சிறு குழந்தை உறிஞ்சிக்கொள்ளும். இரும்புச் சத்துக் குறைந்த பிள்ளையில் அது இன்னும் கூடும். தாயின் எலும்பில் பல வருடங்களாகக் கிடந்த ஈயம் கர்ப்ப காலத்தில் இரத்தத்துக்கு வந்து சிசுவையும் சேரும். இவ்வளவு ஈயம் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் அறியப்படவில்லை.

பெற்றோலில் ஈயம் கலப்பது இலங்கையில் 2002இல் நின்றது. ஆனால் கல்முனைக் கரையில் வாழும் நமக்கு வேறொரு வாசல் இருக்கிறது. அதுதான் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு. ஈயம் 327 பாகை செல்சியசில் உருகிவிடும். விறகடுப்பே போதும். உங்கள் வளவிலோ அடுத்த வளவிலோ யாராவது பழைய பற்றரியை உடைத்து, ஈயத்தை உருக்கிக் குண்டு வார்ப்பதுண்டா? அந்தப் புகையும் தூளும் மண்ணிற் படியும். தவழும் குழந்தை அந்த மண்ணில் கைவைத்து, அதே கையை வாயில் வைக்கும். கொலம்பியா நாட்டின் கார்த்தகேனா என்னும் கடற்கரை நகரில், பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியதற்கு இப்படி வலைக்குண்டு வார்ப்பதும் ஒரு காரணமென 2007இல் வந்த ஆய்வு காட்டிற்று.

தொழிலை விடச் சொல்லவில்லை. வார்த்த குண்டைக் கடையில் வாங்குங்கள். வலை பொத்துகையில் குண்டைப் பல்லால் கடித்து இறுக்க வேண்டாம். குண்டுகளைப் பிள்ளைகள் விளையாடக் கொடுக்கவும் வேண்டாம். ஈயத்தைத் தொட்டவர் சவர்க்காரமிட்டுக் கைகழுவி, உடுப்பு மாற்றிய பின்பே குழந்தையைத் தூக்கட்டும். திண்ணையைத் தும்புத்தடியால் கூட்டினால் தூள் பறக்கும், ஈரத்துணியால் துடையுங்கள். முருங்கை இலையும் நெத்தலியும் பிள்ளைக்கு நல்லவை. இரும்பும் கல்சியமும் போதியளவு உள்ள உடல் ஈயத்தைக் குறைவாகவே ஏற்கும். முன்பே வளவில் ஈயம் உருக்கியிருந்தால் வைத்தியரிடம் அதை ஒளிக்காமற் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனையால் கண்டறியலாம். உருக்கிய தாச்சியை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் மறுபடி சமையலுக்கு எடுக்க வேண்டாம்.