அந்தப் பட்டியலைக் கொஞ்சம் குறை

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதமும் கூடவே வைத்திருந்த பட்டியலும் கிடைத்தன. ஜூன் கடைசியில் டெல்லிக்குக் கிளம்புகிறோம், அதற்குள் பிள்ளைகளை எங்கெங்கே கூட்டிப்போக வேண்டும், யார் யாரிடம் சொல்லிக்கொள்ள வேண்டும், பார்த்துத் திருத்திக் கொடுங்கள் அத்தை என்று எழுதியிருக்கிறாய். திருத்தத்தானே சொன்னாய்? படித்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

மொத்தம் 22 இடம் போட்டிருக்கிறாய். ஏளா, நீ திருநெல்வேலியை விட்டுப் போகிறாயா, இல்லை, திருநெல்வேலியைச் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறாயா? கூந்தன்குளத்தில் ஜூன் மாதம் போய் எந்தப் பறவையைப் பார்க்கப் போகிறாய்? டிசம்பர் வாக்கில் வருகிறவை, கோடையில் குஞ்சு பொரித்து வளர்த்து, பெரும்பாலும் ஜூனுக்குள் மூட்டை கட்டிவிடும். உன்னைவிடச் சுறுசுறுப்பு. கிருஷ்ணாபுரத்துச் சிலைகள் நாயக்கர் காலத்திலிருந்து நிற்கின்றன, அடுத்த லீவுக்கும் நிற்கும். ஆதிச்சநல்லூரில் தோண்டிய குழிகளையே கண்ணாடி போட்டு 2023-ல் அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். நல்ல இடம்தான். டெல்லிச் சிநேகிதர்கள் யாராவது ஊருக்கு வந்தால் அவர்களோடு போய்ப் பார். மாஞ்சோலையை அடித்துவிட்டேன். தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்களை 2024-ல் விருப்ப ஓய்வு என்று சொல்லி வீட்டைக் காலி பண்ணச் சொன்ன இடம் அது. நீ மாற்றலில் போவதற்கு முன்னால் அங்கே நின்று போட்டோ எடுக்க வேண்டாம்.

‘பிள்ளைகள் சொந்த ஊரில் ஒன்றையும் பார்க்காமலே வளர்ந்துவிடுமே அத்தை’ என்பாய். பார்க்காததை லீவுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம். பார்த்துப் பழகினதைத்தான் இப்போது விட்டுவிட்டுப் போகிறார்கள். அதற்கு உன் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை. டெல்லிக்குப் போவது உனக்கும் மாப்பிள்ளைக்கும் மட்டுமா மாற்றல்? ஒன்பது வயதுக்காரனுக்கும் அஞ்சு வயதுக்காரிக்கும் அது மாற்றல்தான். நீ அவர்களைப் பீரோ, கட்டிலோடு சேர்த்து ஏற்றி இறக்குகிற சாமான் மாதிரி எழுதி வைத்திருக்கிறாய்.

அதனால் அந்தத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் அவர்களையே சொல்லச் சொல்லி எழுது. உனக்கு ஆச்சரியமாக இருக்கும். கொக்கிரகுளம் அறிவியல் மையத்தை மூத்தவன் சொல்லுவான். 1987-லிருந்து இருக்கிறது, நீயே பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அங்கே போய் வளைந்த கண்ணாடி முன்னால் நின்று சிரித்தவள்தானே. அங்கேயிருந்து சுலோச்சன முதலியார் பாலத்தில் நடந்தே வாருங்கள். சிந்துபூந்துறைப் பக்கம் ஆற்றைக் கடக்க முடியாமல் சனம் பட்ட பாட்டைப் பார்த்து, சொந்தப் பணத்தைப் போட்டு ஒரு மனுஷர் 1843-ல் கட்டி முடித்த பாலம் என்று சொல்லிக்கொண்டே நட. அவன் அதைக் காதில் வாங்குவானோ மாட்டானோ, தண்ணீரை எட்டிப் பார்ப்பான். அது போதும்.

சின்னவள் குறுக்குத்துறையைச் சொல்லாவிட்டால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அந்த முருகன் கோயில் முங்கிக் கிடந்ததை மாப்பிள்ளை தோளில் உட்கார்ந்து பார்த்தவள். ‘சாமிக்கு மூச்சு முட்டாதா?’ என்று என்னிடம் கேட்டாள். இன்னும் ஒரு தடவை அந்தப் படித்துறையில் காலை நனைத்துக்கொண்டு உட்காரட்டும். நெல்லையப்பர் கோயிலுக்குச் சாமி கும்பிட நீ தனியாகப் போய்க்கொள். பிள்ளைகளோடு போனால் யானை கட்டியிருந்த இடத்துக்கு முதலில் கூட்டிப் போ. அந்த யானை காந்திமதி 2025 ஜனவரியில் இறந்துபோனபோது மூத்தவன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று நீதான் சொன்னாய். வெறும் இடத்தைப் பார்த்து அழுவானே என்று பயப்படாதே. அழுதால் அழுதுவிட்டுப் போகட்டும். டெல்லியில் போய் எதற்கென்று தெரியாமல் அழுவதைவிட இது மேல்.

ஆனித் தேரைப் பார்க்க முடியாது, உங்கள் வண்டி அதற்கு முந்தியே கிளம்பிவிடும் என்று ஒரே புலம்பலாக எழுதியிருக்கிறாய். அதற்கு நான் என்ன செய்ய? ரத வீதியில் தேர் நிலையில் நிற்கும், மேலே சாரம் கட்டிக்கொண்டிருப்பார்கள். தேரோட்டத்தன்று கூட்டத்தில் சக்கரத்தைப் பக்கத்தில் பார்க்க முடியுமா? இப்போது பார்க்கலாம். குற்றாலத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். ஜூன் முதல் வாரம் சாரல் பிடித்துவிட்டால் போங்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை போகாதே. ஞாயிறு அன்று மெயினருவியில் குளிக்கிறவர்களைவிட வரிசையில் நிற்கிறவர்கள்தான் அதிகம். செவ்வாயோ புதனோ மாப்பிள்ளை லீவு போடட்டும். போலீஸ்காரர் விசில் ஊதினால் தலையில் எண்ணெய் போகவில்லை என்று நிற்காமல் வெளியே வந்துவிடு. தண்ணீர் நிறம் மாறுவதற்கும் வெள்ளம் வருவதற்கும் நடுவில் அதிக நேரம் கிடைக்காது.

சரி, மனுஷர்களுக்கு வருவோம். இதில்தான் நீ நிஜமாகவே தப்புப் பண்ணப் பார்க்கிறாய். ஓட்டலில் ஹால் எடுத்து எல்லாரையும் ஒரே நாள் கூப்பிட்டு விருந்து போட்டுவிடலாம் என்றிருக்கிறாய். யார் வருவார்கள் என்று நினைக்கிறாய்? கால் நன்றாக இருக்கிறவர்கள் வருவார்கள். அவர்கள் டெல்லிக்கும் வருவார்கள், குதுப்மினார் பார்க்க உன் வீட்டில்தான் தங்குவார்கள், கவலைப்படாதே. பாளையங்கோட்டை ஆச்சி வருவாளா? வண்ணாரப்பேட்டையில் பக்கவாதம் வந்து படுத்திருக்கிற பெரியப்பா வருவாரா? பள்ளிக்கூட வாசலில் நெல்லிக்காய் விற்கிற அம்மையை நீ ஹாலுக்குக் கூப்பிடுவாயா? ஹாலை விட்டுவிடு. உன்னிடம் வர முடியாதவர்கள் வீட்டுக்கு நீ போ. முதலில் அவர்கள், நேரம் மிஞ்சினால் மற்றவர்கள்.

‘தினமும் வீடியோ காலில் பேசிக்கொள்ளலாமே’ என்று மாப்பிள்ளை சொல்வதாக எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளையிடம் மரியாதையாகச் சொல்: ஆச்சிக்குக் காது கேட்காது, ஒரு கண்ணில் புரை. அவள் பிள்ளைகளைக் கையால் தடவித்தான் பார்ப்பாள். போனில் எதைத் தடவுவாள்? இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வை. ‘நாங்க டெல்லிக்குப் போறோம் ஆச்சி’ என்று மூத்தவனே காதோரம் சத்தமாகச் சொல்லட்டும். நீ குறுக்கே புகுந்து விளக்கம் கொடுக்காதே. அவள் பதிலுக்குச் சம்பந்தமில்லாமல் 1960-ல் நடந்த கல்யாணத்தைப் பற்றிப் பேசினாலும் கேட்டுக்கொண்டிரு. கைக்கடிகாரத்தைப் பார்க்கிற பழக்கம் உனக்கு உண்டு, அதைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டுப் போ.

சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு வீட்டுக்கும் போகாதே, இதை அழுத்திச் சொல்கிறேன். ஊரை விட்டுப் போகிற பிள்ளை என்றால் நம் ஆட்கள் சொதி வைக்காமல் விட மாட்டார்கள். முதல் வீட்டில் அமிர்தமாக இருக்கும். அஞ்சாவது வீட்டிலும் அதே தேங்காய்ப்பால், அதே உருளைக்கிழங்கு சிப்ஸ். எத்தனை இஞ்சிப் பச்சடி தொட்டுக்கொண்டாலும் பிள்ளைகள் வயிறு தாங்காது. காலையில் பத்தரை பதினொன்று அல்லது சாயங்காலம் நாலு மணிதான் நேரம். காப்பி குடி, திருநீறு பூசிக்கொள், எழுந்து வா. ‘சாப்பிடாமப் போனா எனக்கு மனசு ஆறாது’ என்று யாராவது மல்லுக்கு நின்றால் என் மேல் பழியைப் போடு. எனக்கு ஏற்கெனவே நல்ல பெயர் கிடையாது.

இன்னொன்று. போகிற இடத்தில் எல்லாம் ‘பொங்கலுக்கு வந்திருவோம்’ என்று வாரி விடாதே. பொங்கல் டிக்கெட் திறந்த சில நிமிஷத்தில் காலியாகிறது, உனக்கே தெரியும். நீ மறந்துவிடுவாய், ஆச்சி மறக்க மாட்டாள். மார்கழி பிறந்ததும் வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். டெல்லியில் மே மாதம் பாதியிலிருந்து ஜூன் கடைசி வரை பள்ளிக்கூடத்துக்கு லீவு. ‘அடுத்த கோடைக்கு வருகிறோம்’ என்று உள்ளதைச் சொல். அதை ஒழுங்காகச் செய்.

பிள்ளைகளுக்குத் தமிழ் மறந்துபோகும் என்று ஒரு பக்கம் முழுக்க அழுதிருக்கிறாய். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்துக்கு அங்கே ஏழு பள்ளிக்கூடம் இருக்கிறது. வீடு பார்ப்பதற்கு முன்னால் எந்தப் பள்ளி எங்கே என்று பார். 1946-லிருந்து தமிழ்ச் சங்கம் இருக்கிறது. ராமகிருஷ்ணபுரத்தில் முருகன் மலைமேலேயே இருக்கிறான். உனக்கு முந்திப் போனவர்கள் இதையெல்லாம் கட்டி வைத்திருக்கிறார்கள். நம் கல்லிடைக்குறிச்சியில் பிறந்த ஆதவன் டெல்லியில் இருந்துகொண்டு டெல்லியைப் பற்றியே எழுதினார். ‘காகித மலர்கள்’ என் அலமாரியில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போ. திருப்பித் தர வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

தூத்துக்குடியில் விமானம் ஏறிச் சென்னை வழியாக அன்றைக்கே போய்விடலாம் என்கிறாய். ரயிலில் போ. திருக்குறள் எக்ஸ்பிரஸ் வாரத்தில் இரண்டு நாள் நம் ஜங்ஷன் வழியாகவே நிஜாமுதீனுக்குப் போகிறது. இரண்டு ராத்திரி. கிருஷ்ணாவையும் நர்மதையையும் தாண்டித்தான் டெல்லி. எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது பிள்ளைகளுக்கு உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு வலித்தால்தான் தெரியும். மத்தியானம் தூங்கி எழுந்ததும் டெல்லி என்றால், மறுநாள் ஆச்சி வீட்டுக்குப் போகலாமா என்று சின்னவள் கேட்பாள், நீ முழிப்பாய். முன்பதிவு 60 நாளைக்கு முன்பே திறந்துவிடும். இன்னும் எடுக்கவில்லை என்றால் இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் அதைச் செய். மூன்றாம் ஏசியில் ஆளுக்கு 40 கிலோதான் சும்மா விடுவார்கள், அம்மியைத் தூக்கிக்கொண்டு வராதே. ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. வண்டி நம் ஸ்டேஷனில் நிற்கிற கொஞ்ச நேரத்தில் நீ பெட்டியை எண்ணுவாயா, அழுகிறவர்களைத் தேற்றுவாயா? அல்வாவை முந்தின நாள் சாயங்காலமே வாங்கி வை.

கடைசியாக வீட்டுச் சாமான். பீரோவை ஒரு மதினிக்கும் கட்டிலை இன்னொரு மதினிக்கும் கொடுப்பதாக வாய்விட்டுவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். இரண்டு பேரும் பீரோவைத்தான் தனக்கென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீ டெல்லிக்குப் போய்ப் பத்து வருஷமானாலும் அந்தச் சண்டை இங்கே நடக்கும். பேசாமல் இரண்டையும் விற்றுவிடு. பிள்ளைகள் சாமானில் கை வைப்பதானால் அவர்களிடம் கேட்டுக்கொண்டு வை. உடைந்த மூன்று சக்கர சைக்கிளாக இருந்தாலும் சரி. அந்தக் கிரைண்டரை மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதே. கல் நல்ல கல். வெள்ளிக்கிழமை ஆள் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தை