காம்பராவுக்குள் ஒரு மைதானம்

அன்பு மருமகள் கவிதாவுக்கு,

போன வாரம் நீ ஊற்றித் தந்த தேத்தண்ணியில் சவர்க்கார வாசம் அடித்தது. தூள் டின்னை மூடாமல் சவர்க்காரத்துக்குப் பக்கத்தில் வைத்ததற்காக அம்மா ஏசினார். நீயோ, "வாசம் எப்படி மாமா தூளுக்குள்ளே போச்சு?" என்று கேட்டாய். பதிலை எழுதுகிறேன்.

கொழுந்தை ஸ்டோரில் வாட்டி, அரைத்து, காயவைத்து எடுத்த தூளில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய உண்டு. ஈரமும் வாசமும் அவற்றின் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. புறத்துறிஞ்சல் என்பது இதுதான். ஆனால் இலையின் துளைகள் ஒழுங்கற்றவை. எது வந்தாலும் ஏற்றுக்கொள்ளும்.

துளைகளை நாமே அளந்து கட்டினால் எப்படி இருக்கும்? அப்படிக் கட்டியதே உலோக-சேதனச் சட்டகம். நம் லயத்தை நினைத்துக்கொள். மூலைக்கு மூலை உலோக அயன். மூலைகளை இணைக்கும் உத்தரமாகக் காபன் கொண்ட மூலக்கூறு. நடுவில் வெறும் காம்பராக்கள். உத்தரத்தை நீட்டினால் காம்பரா பெரிதாகும். உலோகத்தை மாற்றினால் குணம் மாறும்.

1974 இல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ரொப்சன் மாணவர்களுக்காக மர உருண்டைகளில் மூலக்கூறு மாதிரிகள் செய்தார். துளையிடும் இடமே வடிவத்தைத் தீர்மானிப்பதை அப்போது கண்டார். 1989 இல் செம்பு அயன்களால் உண்மையான சட்டகத்தைக் கட்டினார். அது எளிதில் குலைந்தது. 1997 இல் ஜப்பானின் சுசுமு கிட்டகாவா, வாயு புகுந்து வெளியேறினாலும் குலையாத சட்டகத்தைக் காட்டினார். 1999 இல் ஓமர் யாகி நாகத்தைக் கொண்டு மொஃப்-5 என்ற சட்டகத்தை உருவாக்கினார். அது 300 பாகை செல்சியஸ் சூட்டையும் தாங்கும். அதில் ஓரிரு கிராமுக்குள் ஓர் உதைபந்தாட்ட மைதானத்தின் பரப்பு அடங்கும். 2025 இல் மூவருக்கும் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது.

யாகி, ஜோர்தானின் அம்மான் நகரில் பலஸ்தீன அகதிக் குடும்பத்தில் பிறந்தவர். மாடுகளோடு ஒரே அறையில் குடும்பமே வாழ்ந்தது. எப்போதாவது வரும் தண்ணீரைப் பிடிக்க அதிகாலையில் எழும்புவார். பீலியில் குடத்தோடு நின்ற உனக்கு அது விளங்கும். அவர்தான் பின்னாளில் அரிசோனாப் பாலைவனக் காற்றிலிருந்து தண்ணீர் எடுத்தார். சட்டகம் இரவில் ஈரத்தைப் பிடித்தது. பகலில் வெயிலின் சூட்டில் அதை விட்டது.

காபனீரொட்சைட்டைப் பிடிக்கவும் ஐதரசனைச் சேமிக்கவும் இதே காம்பராக்களைப் பரிசோதிக்கிறார்கள். ஆனால் மொஃப்-5 ஈரக்காற்றில் சிதைந்துவிடும். நம் ஹட்டன் பனிக்கு நிற்காது. சேர்க்கோனியம் சேர்ந்த சில சட்டகங்கள் ஈரத்தைத் தாங்குகின்றன. மலிவாகவும், ஈரத்துக்கு அசையாமலும், எத்தனை தடவை பிடித்து விட்டாலும் தேயாமலும் அவற்றைச் செய்வது இன்னும் முடியாத வேலை. பனிக்குள்ளேயே வளரும் பிள்ளைகளும் அந்த வேலைக்கு வரவேண்டும்.

உயர்தரத்தில் இரசாயனவியலைக் கைவிடாதே. நாளை உன் பாடசாலை ஆய்வுகூடத் தராசில் புதுத்தூள் பத்துக் கிராம் நிறுத்து, தட்டில் பரப்பி, இரவு முழுக்க ஜன்னலோரம் திறந்து வை. காலையில் திரும்ப நிறுத்துப் பார். எவ்வளவு கூடியது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா