விசிறி சுழன்றது, திரை இருண்டது

வாப்பா சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் பாகங்களை வாங்கி, எனது உயர்தரப் படிப்புக்காக நானும் தம்பியும் ஒரு கணினியைப் பொருத்தினோம். ஆளியை அழுத்தியதும் விசிறிகள் சுழன்றன. திரையில் மட்டும் எதுவும் வரவில்லை.

"எரிஞ்சி போச்சா மகள்?" என்றார் வாப்பா. எனக்கு நெஞ்சு படபடத்தது. ஆனாலும், இலகுவானதிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

முதலில் திரை. அதற்கு மின் வந்தது. கேபிளும் சரியாக இருந்தது. தனியான கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கணினியென்றால், கேபிளைத் தாய்ப்பலகையில் அல்ல, அந்த அட்டையில்தான் செருக வேண்டும். எங்களுடையதில் அப்படி அட்டை இல்லை.

அடுத்தது றாம். மின்னிணைப்பைக் கழற்றி, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிய பின், றாமை எடுத்து 'கிளிக்' என்று கேட்கும்வரை மீண்டும் அழுத்தினேன். மாற்றமில்லை.

மூன்றாவதாகச் செயலிக்கான மின். தாய்ப்பலகையில் 24 பின்கள் கொண்ட பெரிய செருகி மட்டும் போதாது. செயலிக்கென்று 4 அல்லது 8 பின்கள் கொண்ட வேறொரு செருகியும் உண்டு. எங்கள் பெட்டியில் அது வயர்களுக்குப் பின்னால் செருகப்படாமலே கிடந்தது! பெரிய செருகியால் விசிறிகள் சுழன்றன. செயலிக்கு மட்டும் மின் போகவில்லை.

அதைச் செருகினேன். திரை ஒளிர்ந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் வாப்பா.

தோழிகளே, விசிறி சுழல்வதை நம்பி எல்லாம் சரியென்று எண்ணாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். அப்போதுதான் பிழை எதுவென்று தெரியும்.