வீட்டுக் கேமராவை வீட்டில் பார், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

சோனி சிஎக்ஸ்405 ஹேண்டிகேம் பற்றி நீ எழுதிய கட்டுரையை நேற்று இரவு படித்தேன், இன்று காலை மறுபடியும் படித்தேன். ஃபுல் ஹெச்டி என்றால் என்ன, கையில் செல்போன் இருக்கும்போது தனியாக ஒரு கேமரா எதற்கு என்பதெல்லாம் நாம் ஏற்கெனவே பேசித் தீர்த்தது. எனக்குக் கோபம் வந்த இடத்துக்கு நேராக வருகிறேன்.

கட்டுரை ஏறக்குறைய முழுக்க வண்டலூர் மிருகக்காட்சிசாலையிலேயே நடக்கிறது. வெள்ளைப் புலி, சிங்கம், ஓட்டேரி ஏரிப் பறவைகள், எல்லாம் காலை பத்து மணி வெயிலில். அந்த வெயிலில் எந்தக் கேமராவும் நன்றாகத்தான் எடுக்கும். குடும்பத்துக்கென்று வாங்கும் கேமரா அலமாரியைவிட்டு எப்போது வெளியே வருகிறது? பிறந்தநாள் கேக் வெட்டும் இரவு ஏழரை மணிக்கு. கொலுவுக்கு. பள்ளி ஆண்டுவிழாவுக்கு. காது குத்தலுக்கு வந்த பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்து பழைய கதை சொல்லும்போது. 602 ஹெக்டேர் காட்டைச் சுற்றிய நீ, ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் உன் வீட்டு ஹாலில் கேமராவை ஒருமுறை ஆன் செய்து பார்க்கவில்லை.

முப்பது மடங்கு ஜூமை மூன்று இடத்தில் புகழ்கிறாய். 350 மடங்கு டிஜிட்டல் ஜூமை நம்ப வேண்டாம் என்று வாசகரை எச்சரித்தது சரி. ஆனால் அந்த லென்ஸின் துளை எஃப்1.8-இல் தொடங்கி முழு ஜூமில் எஃப்4-க்குச் சுருங்குகிறது. அதாவது உள்ளே வரும் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். புலிக்கூண்டின் முன்னால் அது தெரியாது. ஆண்டுவிழாவின் கடைசி வரிசையிலிருந்து மகள் முகத்தை எட்டிப் பிடிக்கும் அப்பாவுக்குத் தெரியும். உள்ளே இருப்பது 1/5.8 அங்குல வகை சென்சார், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. இருட்டை ஈடுகட்ட கேமரா சிக்னலைத் தூக்கும்போது குழந்தையின் கன்னமெல்லாம் புள்ளி புள்ளியாக ஊரும். இந்தக் கேமராவைப் பற்றி வாசகருக்கு முதலில் தெரிய வேண்டியது இது. உன் கட்டுரையில் இல்லை.

வெயிலைவிட்டு நீ உள்ளே போனது ஒரே ஒரு இடத்தில், பெருங்களத்தூரில் உன் சித்தி வீட்டு ஹாலில். “படம் துடிக்கிறது, கேமரா சரியில்லை” என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டாய். கேமரா அமெரிக்காவிலிருந்து வந்தது என்று நீயே வேறோர் இடத்தில் சொல்லியிருக்கிறாய். இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்கக் கூடாதா? நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக்கு போட்ட பழைய டியூப்லைட் நொடிக்கு நூறு தடவை மங்கிப் பிரகாசிக்கும். ஷட்டர் 1/50 நொடி திறந்திருந்தால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் சரியாக இரண்டு துடிப்பு கிடைக்கும். படம் நிலையாக நிற்கும். அமெரிக்க மாடல் 60-ஐ வைத்து ஓடுவது. அதன் 1/60 நொடியில் அகப்படுவது ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவே ஒரு கணக்கு. ஒரு ஃப்ரேம் வெளுக்கும், அடுத்தது மங்கும். கேமராமேல் பழி போட்டுவிட்டாய். இந்தியக் கடையில் விற்கும் 50 ஹெர்ட்ஸ் மாடலை அந்த ஹாலில் வைத்திருந்தால் இந்த வரியையே எழுதியிருக்க மாட்டாய். அண்ணனோ மாமாவோ வெளிநாட்டிலிருந்து கேமரா வாங்கி வரும் வீடுகள் நம் பக்கம் எத்தனை இருக்கின்றன! அவர்களுக்கு இந்த ஒரு விஷயம் எவ்வளவு உதவியிருக்கும்.

இனி என் பெரிய மனத்தாங்கல். நாலு பக்கக் கட்டுரையில் ஒலியைப் பற்றி எழுதியது “ஆடியோ ஓகே” என்ற இரண்டு வார்த்தை.

தொண்ணூறுகளில் தாம்பரத்து மண்டபங்களில் நான் கல்யாண வீடியோ எடுத்தது பேனசோனிக் தோள் கேமராவில். முழு வி.ஹெச்.எஸ். கேசட்டே உள்ளே போகும். பின்னால் வயரை இழுத்துக்கொண்டு லைட் பாய் ஆயிரம் வாட் ஹாலஜனோடு நிற்பான். “கெட்டிமேளம்” என்றதும் தவிலும் நாகஸ்வரமும் ஒருசேர எழும். கேமராவுக்குள் இருக்கும் ஏ.ஜி.சி., சத்தம் கூடினால் தானாகக் குறைத்து, சத்தம் குறைந்தால் தானாகக் கூட்டும் அமைப்பு, உடனே ஒலியை அமுக்கிவிடும். மேளம் நின்ற பிறகும் சில நொடிகள் அந்தப் பிடி தளராது. பெண்ணின் அப்பா குனிந்து மகளிடம் ஏதோ சொல்வது அந்த நொடிகளில்தான். உதடு அசைவது படத்தில் இருக்கும். குரல் இருக்காது. அப்புறம் மெதுவாக இரைச்சல் ஏறி, ஃபேன் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும்.

அந்தக் கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்றித் தரச் சொல்லி இப்போது என்னிடம் கொண்டுவருகிறார்கள். 240 கோடு தெளிவுதான். சிவப்புப் பட்டு பக்கத்தில் இருப்பவர் சட்டைவரை வழிந்திருக்கும். அதைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. சேலையூரிலிருந்து வந்த ஓர் அம்மா, தன் சீமந்தக் கேசட்டில் திரைக்கு வெளியே நின்று யாரோ “வளையல் தட்டு எங்கேம்மா?” என்று கேட்கும் இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். அது அவருடைய அப்பா. முகம் அந்தக் கேசட்டில் எங்குமே இல்லை.

அதனால் சொல்கிறேன், வீட்டுக் கேமராவுக்கு முதல் பரீட்சை காதுக்குத்தான். ஹாலில் ஃபேனை ஓடவிடு. சமையலறையில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்த கையோடு, பத்தடி தள்ளி நிற்கும் உன் பாட்டியைப் பேசச் சொல். குரல் திரும்பி வர எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணு. யாரும் பேசாதபோது ஜூமை நகர்த்தி, மோட்டார் முனகல் பதிவாகிறதா என்று கேள். ஜன்னலைத் திறந்துவைத்துச் செங்கல்பட்டு லோக்கல் ரயில் ஹாரன் அடித்துக்கொண்டு போனதும் பேசிப் பார். இன்னொன்று: நீ புகழ்ந்த இந்த மாடலில் வெளி மைக் செருக இடமே இல்லை. பேனசோனிக் வி785-இல் இருக்கிறது. சட்டையில் குத்தும் சின்ன மைக் வைத்துத் தாத்தாவின் பேச்சைப் பதிய நினைப்பவர் உன் கட்டுரையை நம்பி இதை வாங்கினால் அவருக்கு யார் பதில் சொல்வது?

ஓட்டேரிக் கரைப் பத்தியைச் சொல்லாமல் விட்டால் என் மனசு கேட்காது. முழு ஜூமில் ஒரு பறவையைக் கையில் பிடித்து எடுத்து, பிறகு ஸ்டாண்டில் வைத்து எடுத்து, மெதுவாகக் கேமராவைத் திருப்பும்போது கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெடிஷாட் முதலில் படத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு சட்டென்று விடுவதைக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறாயே, அபாரம். இத்தனை வருடமாகக் கேமரா பிடிக்கும் பலர் அதைக் கவனித்ததே இல்லை. கவனித்தவர்களுக்கும் இப்படி எழுத வராது. இந்தக் கண் உனக்கு வாய்த்திருக்கிறது. அது இல்லாதவனுக்கு இவ்வளவு நீளக் கடிதம் எழுத மாட்டேன்.

வண்டலூருக்கு மிருகக்காட்சிசாலை வந்தது 1985-இல். சோனி ஹேண்டிகேம் என்ற பெயரோடு கேமராவை வெளியே விட்டதும் அதே 1985-இல்தான். கையடக்கமாக, வீட்டு மனிதர்கள் தாங்களே எடுப்பதற்கென்று செய்த கருவி அது. கேமராவைத் திருப்பிக் கொடுக்க இன்னும் நாளிருந்தால் ஞாயிறு இரவு உன் வீட்டு ஹாலில் ஒரு மணி நேரம் எடு. இந்திய மாடல் ஒன்று இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது. கட்டுரையின் இரண்டாம் பகுதியை எழுது, முதல் பத்தியிலேயே ஒலியை வை. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
தாம்பரத்திலிருந்து உன் அண்ணன்