முதுகைத் தேய்க்கச் சொல்லும் மேனுவல்

இந்த வருடம் நர்சிங் கல்லூரியில் டியூட்டராகச் சேர்ந்திருக்கும் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஃபண்டமென்டல்ஸ் பாடம் உன் தலையில் விழுந்திருக்கிறது. முதலாண்டுப் பிள்ளைகளுக்கு பேக் கேர் சொல்லித்தர வேண்டும். டிபார்ட்மென்ட் புரொசீஜர் மேனுவலில், எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடங்களை ஸ்பிரிட் தொட்டு வட்டவட்டமாகத் தேய்த்து, பவுடர் போட்டு முடிக்கச் சொல்லியிருக்கிறது. எம்எஸ்சியில் நீ படித்ததோ, சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது என்கிறது. சீனியர் மேடத்திடம் கேட்டால், "நாங்கெல்லாம் இப்படித்தான் படிச்சோம்" என்று முடித்துவிட்டார்கள். பழசா, புதுசா என்று கேட்டிருக்கிறாய். புதிதாகச் சேர்ந்த பலருக்கும் இதே சிக்கல் இருக்கும் என்பதால் எல்லோரும் படிக்கும்படியாகவே பதில் எழுதுகிறேன்.

தேய்க்கச் சொல்லித்தராதே. இதில் இழுபறிக்கே இடமில்லை. ஒரே பக்கமாகப் படுத்துக் கிடப்பவருக்கு எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்கி ரத்த ஓட்டம் தடைபடுகிறது. மேலே தோல் சிவக்கும்போது அடியில் திசு ஏற்கெனவே நைந்திருக்கலாம். அதைப் போட்டுத் தேய்த்தால் சேதம் கூடும். ஸ்பிரிட் தோலை வறளவைக்கும். பவுடர் வியர்வையில் கட்டிதட்டி மடிப்புக்குள் உறுத்தும். படுக்கைப் புண் தடுப்புக்கான சர்வதேச வழிகாட்டிகள் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டன.

ஆனால் அந்தப் பக்கத்தைக் கிழிப்பதற்கு முன், அது என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று யோசி. பேக் கேர் என்ற பெயரில் காலையும் மாலையும் ஒரு நர்ஸ் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்தார். துணியை விலக்கி இடுப்பெலும்பின் அடிப்பக்கம், குதிகால், பின்மண்டை, காது மடல் வரைக்கும் பார்த்தார். விரிப்பில் சுருக்கம் இருந்தால் இழுத்துவிட்டார். சோற்றுப் பருக்கை கிடந்தால் தட்டிவிட்டார். இரண்டு வார்த்தை பேசவும் செய்தார். நோயாளியைக் காப்பாற்றியது இந்தப் புரட்டலும் பார்வையும்தான். தேய்த்தது சும்மா கூட ஒட்டிக்கொண்டு வந்தது. தேய்ப்பது தப்பு என்று தெரிந்ததும் பல இடங்களில் பேக் கேரையே அட்டவணையிலிருந்து தூக்கிவிட்டு, ஏர் பெட்டை மாட்டி ஸ்விட்சைப் போட்டுவிட்டார்கள். முதுகைப் பார்க்க ஆளில்லை. கடைசியில் வேட்டி மாற்றும்போது மகன்தான் புண்ணைப் பார்த்துவிட்டு ஓடி வருகிறான்.

ஆகவே பிள்ளைகளை வார்டுக்கே கூட்டிப் போய்ச் சொல்லிக்கொடு. பக்கவாதம் வந்து படுத்திருக்கும் ஒரு பாட்டியின் கட்டிலருகே நிறுத்து. குதிகாலைத் தூக்கிப் பார்க்கச் சொல். விரலால் அழுத்தி எடுத்தால் சிவப்பு வெளிறித் திரும்புகிறதா, அப்படியே நிற்கிறதா? கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. பாடப்புத்தகப் படங்களில் இருப்பது பெரும்பாலும் வெள்ளைக்காரர் தோல். ஆகவே புறங்கையால் தொட்டுப் பக்கத்துத் தோலோடு ஒப்பிடச் சொல். சூடு கூடியிருக்கிறதா, கல்லு மாதிரி இறுகியிருக்கிறதா, தொட்டால் பாட்டி முகம் சுளிக்கிறாளா? அதற்குப் பிறகு பிரேடன் ஸ்கேலை எடு. படுக்கைப் புண் வரும் ஆபத்தைக் கணிக்க 1987-ல் வெளியான அளவுகோல். மொத்தம் 23, எண் குறையக் குறைய ஆபத்து அதிகம். தொட்டுப் பார்த்த கைதான் அந்தக் கட்டங்களை ஒழுங்காக நிரப்பும். வரிசையை மாற்றி, ஸ்கேலை முதலில் கொடுத்தாயானால், கட்டிலைப் பார்க்காமலே எண் போடப் பழகிவிடுவார்கள்.

எண் என்றதும் டிபிஆர் சார்ட் நினைவுக்கு வருகிறது. எந்த வார்டிலாவது ஒரு நாள் சும்மா புரட்டிப் பார். டெம்பரேச்சர் மாறும், பல்ஸ் மாறும், மூச்சு மட்டும் எல்லாக் கட்டிலுக்கும் 20. நிமோனியாக்காரருக்கும் 20, குடலிறக்க ஆபரேஷன் முடிந்து நாளை வீட்டுக்குப் போகிறவருக்கும் 20. எண்ணாமல் எழுதியது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. பழைய சிஸ்டர்கள் இதற்கு ஒரு உபாயம் வைத்திருந்தார்கள். நாடி பிடித்து முடித்த பிறகும் மணிக்கட்டை விடாமல், நாடிதான் பார்ப்பது போலப் பாவனை காட்டி, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுவார்கள். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் நோயாளி மூச்சை மாற்றிவிடுவார். இப்போது விரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் மாட்டியதும் கை விட்டுப்போயிற்று. மணிக்கட்டோடு அந்த ஒரு நிமிடமும் போயிற்று.

கருவியைக் குறை சொல்லவில்லை. நாடித் துடிப்பை வைத்து ஆக்ஸிஜனை அளக்கும் அந்த வழியை 1970-களில் கண்டுபிடித்த ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகிக்கு மயக்க மருத்துவமே கடன்பட்டிருக்கிறது. ஆனால் அது சொல்வது ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்பதை. அதைத் தக்கவைக்க உடம்பு எவ்வளவு மல்லுக்கட்டுகிறது என்பதைச் சொல்லாது. 97 காட்டிக்கொண்டே ஒருவர் நிமிடத்துக்கு 32 முறை மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். போதாததற்கு, 2020-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்று, கருவி நல்ல எண்ணைக் காட்டும்போதே உள்ளே ஆக்ஸிஜன் குறைந்திருப்பது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று கண்டது. நம் வார்டுகளில் படுத்திருப்பவர்களின் நிறத்தை நினைத்துப் பார்த்துக்கொள்.

இன்னொரு பக்கம், புதிய முறைதான் பழைய பழக்கத்துக்கு மறுவாழ்வு கொடுத்திருக்கிறது. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்திய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில், மூச்சு 25-ஐத் தொட்டால் அதற்கு மட்டுமே 3 மதிப்பெண். அந்த ஒன்றை வைத்தே அவசரமாக ஆள் கூப்பிட வேண்டும். கம்ப்யூட்டரில் எத்தனை அழகாகக் கலர் போட்டுக் காட்டினாலும், உள்ளே போகும் 20 பொய் என்றால் வெளியே வரும் பச்சையும் பொய். உன் பிள்ளைகளுக்கு ஸ்கோர் ஷீட்டும் சொல்லிக்கொடு, மணிக்கட்டு உபாயமும் சொல்லிக்கொடு, ஒரே வகுப்பில், ஒரே கட்டிலருகே.

லேம்ப் லைட்டிங் பற்றியும் கேட்டிருந்தாய். காலத்துக்கு ஒவ்வாத சடங்கு, நிறுத்தச் சொல்லலாமா என்று. நிறுத்தாதே. அம்மா அப்பா பஸ் பிடித்து ஊரிலிருந்து வருகிறார்கள். மகள் வெள்ளை உடுப்பில் விளக்கோடு நிற்கும் போட்டோ வீட்டுச் சுவரில் ஏறுகிறது. யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் அதற்கு முந்தைய வாரம் ஒரு வகுப்பு எடு. அங்கே எடுத்துக்கொள்ளும் உறுதிமொழியை நைட்டிங்கேல் எழுதவில்லை. 1893-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையிலான குழு எழுதியது. நைட்டிங்கேல் கையில் விளக்கு இருந்தது உண்மைதான். அதோடு கணக்கும் இருந்தது. கிரிமியப் போரில் சிப்பாய்கள் காயத்தால் செத்ததைவிடத் தொற்று நோயால் செத்ததே அதிகம் என்பதை 1858-ல் வண்ண வரைபடம் போட்டு அரசாங்கத்துக்குக் காட்டியவர் அவர். 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் அவர் பெயரில் பள்ளி தொடங்கியபோது, நர்ஸுக்குப் படிப்பு எதற்கு என்று முணுமுணுத்த டாக்டர்களும் இருந்தார்கள். நம் பக்கத்துக் கதையும் ரொம்பப் பழையதல்ல. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-ல் நர்சிங் பள்ளி தொடங்கினார். 1946-ல் வேலூரிலும் டெல்லியிலும் நர்சிங் பட்டப்படிப்பு வந்தது. அன்றைக்கு அதுவே புதுமை. 'காலங்காலமாக' என்று நாம் சொல்வதில் பாதிக்கு நம் பாட்டி வயதுதான்.

அடுத்து, நோயாளிக்குப் பதில் பொம்மையில் பழகும் சிமுலேஷனுக்கு வருவோம். இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் கொண்டுவந்த செமஸ்டர் பாடத்திட்டம் சிமுலேஷனுக்கு இடம் கொடுத்திருக்கிறது. சீனியர்கள் சிலர் "பொம்மையை வச்சா நர்சிங் படிக்கிறது?" என்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே மதாம் து கூத்ரே என்ற பிரெஞ்சு மருத்துவச்சி, துணியும் தோலும் வைத்துத் தைத்த இடுப்புப் பொம்மையோடு ஊர் ஊராகப் போய்ப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். 1911-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் மாணவிகள் புரட்டிப் படுக்கவைத்துப் பழக ஆளுயரப் பொம்மை வந்தது, பெயர் மிஸஸ் சேஸ். நம்மவர்களும் ஆரஞ்சுப் பழத்தில் ஊசி குத்திப் பழகியவர்கள்தானே. உயிருள்ள ஆளின் மேல் முதல் தப்பைச் செய்யக் கூடாது என்ற எண்ணம் மிகப் பழையது.

ஆனால் பொம்மை இருந்தால் வார்டு வேண்டாம் என்று நிர்வாகம் கணக்குப் போடும்போது நீ குறுக்கே நிற்க வேண்டும். அமெரிக்காவில் 10 நர்சிங் கல்வி நிறுவனங்களில் நடத்தி 2014-ல் வெளியிட்ட பெரிய ஆய்வு ஒன்றைக் காட்டுவார்கள். கிளினிக்கல் நேரத்தில் பாதி வரைக்கும் சிமுலேஷனுக்கு மாற்றினாலும் தேர்ச்சியில் வித்தியாசம் இல்லை என்றது அது. உண்மைதான். ஆனால் அங்கே சிமுலேஷன் நடத்தப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருந்தார்கள். முடிந்ததும் பிள்ளைகளை உட்காரவைத்து, என்ன நடந்தது, ஏன் அப்படிச் செய்தாய் என்று விவரமாகப் பேசினார்கள். நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் 60 பிள்ளைகளுக்கு ஒரு மேனிக்கின். அதுவும் வாங்கிவந்த பாலித்தீன் உறையோடு பூட்டிய அறையில் இருக்கும். இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்குக் காலையில் உறையைப் பிரிப்பார்கள், சாயங்காலம் திரும்ப மாட்டிவிடுவார்கள். அந்த ஆய்வை மேற்கோள் காட்ட இப்படிப்பட்ட இடத்துக்கு என்ன தகுதி? விலையுயர்ந்த பொம்மை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு மாணவியைக் கட்டிலில் படுக்கவைத்து, மூச்சு வாங்கும் நோயாளியாக நடிக்கச் சொல், இன்னொருத்தி ஃபோனில் டாக்டரிடம் நிலைமையைச் சொல்லட்டும். முடிந்த பிறகு அரை மணி நேரம் பேசு. அந்த அரை மணி நேரம்தான் சிமுலேஷன்.

லேபர் ரூம் கதை தலைகீழ். அங்கே நாம் 'பழக்கம்' என்று சொல்லிக்கொண்டிருந்த பலதும் ஆஸ்பத்திரி கொண்டுவந்து சேர்த்ததுதான். வரும் பெண்களுக்கெல்லாம் இனிமா, ஷேவிங், மல்லாக்கப் படுக்கவைத்துக் காலைக் கட்டுவது, கூட வந்த அம்மாவை வெளியே துரத்துவது. இன்று உலக சுகாதார நிறுவனம், பிரசவிக்கும் பெண்ணுக்கு விருப்பமான துணை கூட இருக்கட்டும், வசதியான நிலையில் அவள் பிரசவிக்கட்டும், தொப்புள் கொடியை ஒரு நிமிடத்துக்கு முன்னால் கட்டாதே என்கிறது. நம் பாட்டிமார் உட்கார்ந்துகொண்டும் உத்தரத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டும், பக்கத்தில் பெரியம்மாவை வைத்துக்கொண்டும் பெற்றவர்கள். அதற்காக, பாட்டி காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது என்று கிளம்பிவிடாதே. அதே காலத்தில் ரத்தப்போக்கில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. துணை அந்தக் காலத்தது, ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசின் இந்தக் காலத்தது, ஒரு பிரசவத்துக்கு இரண்டும் வேண்டும்.

இங்கே உனக்கு நிஜமான தர்மசங்கடம் ஒன்று காத்திருக்கிறது. மாணவியின் லாக் புக்கில் இத்தனை எபிசியாட்டமி, அதாவது பிரசவ வாயை வெட்டி விரிப்பது, என்று கட்டம் இருக்கும். எல்லோருக்கும் வழக்கமாக வெட்டாதே என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டி சொல்கிறது. போஸ்டிங் முடியப்போகிறது, கட்டம் காலி. அப்போது மாணவியின் கண் அந்தப் பெண்ணின் மேல் எப்படிப் படும் என்று உனக்குத் தெரியும். கட்டம் காலியாகவே இருக்கட்டும் என்று சொல்ல வேண்டியது நீதான். எண்ணிக்கை குறைந்தால் கேள்வி கேட்கப்படுவதும் நீதான். பிரின்சிபாலிடம் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவை. தைக்கும் பயிற்சியை ஸ்பாஞ்சிலும் ஆட்டுத்தோலிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யட்டும்.

தூக்கி எறியவேண்டிய பரம்பரைச் சொத்து ஒன்றும் இருக்கிறது. பேஷண்ட் முன்னால் மாணவியை வைது அழவைப்பது, சீனியரைக் கண்டால் சுவரோடு ஒட்டி நிற்கவைப்பது, ஆள் பற்றாக்குறைக்குப் பிள்ளைகளை வைத்து நைட் டியூட்டி ஓட்டிவிட்டு அதற்கு 'அனுபவம்' என்று பெயர் வைப்பது. இதற்கெல்லாம் ஆய்வு முடிவு வர வேண்டும் என்று காத்திருக்காதே. பயந்த பிள்ளை தப்பான மருந்தைக் கொடுத்தால் உன்னிடம் வந்து சொல்லமாட்டாள், மறைப்பாள்.

கடைசியாக, நீ கேட்காத ஒன்று. பிராக்டிக்கல் பரீட்சை. நீ தேய்க்காமல் பேக் கேர் செய்யச் சொல்லிக்கொடுத்திருப்பாய். வெளியூரிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் கையில் பழைய செக்லிஸ்ட் இருக்கும். 'ஸ்பிரிட் கொண்டு தேய்த்தல், 2 மதிப்பெண்' என்று இருக்கும். மாணவி தேய்க்காவிட்டால் 2 போச்சு. உன் கொள்கைக்கு அவள் மார்க்கைப் பலி கொடுக்காதே. பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பே மேனுவல் பக்கத்தைத் திருத்தி எழுதி, வழிகாட்டியின் நகலை இணைத்து, ஹெச்ஓடியிடம் கையெழுத்து வாங்கு. சீனியர் மேடத்தையே முதலில் படிக்கச் சொல். புரட்டுவதும் பார்ப்பதும் அப்படியே இருக்கிறது, அதற்கு இரண்டு மதிப்பெண் கூடவே போட்டிருக்கிறேன் என்று காட்டினால் அவர்கள் எதிர்க்கமாட்டார்கள். அவர்கள் இத்தனை நாள் காத்துவந்தது அதைத்தான். பரீட்சை அன்று எக்ஸ்டர்னல் டீ குடிக்கும்போது திருத்திய செக்லிஸ்டை மேசையில் வை. மாணவியும், ஏன் தேய்க்கவில்லை என்று கேட்டால் இரண்டு வரியில் சொல்லத் தெரிந்திருக்கட்டும்.

இரண்டு மூன்று வருடத்தில் உன்னையும் எக்ஸ்டர்னலாகக் கூப்பிடுவார்கள். விடியற்காலை பஸ், தெரியாத ஊர், பயணப்படி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பலர் ஏதாவது காரணம் சொல்லித் தட்டிக்கழிப்பார்கள். நீ போ. போகும்போது அந்த ஊர் செக்லிஸ்டை முந்தின நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் அக்கா