கணிப்பை முதலில் எழுது

அன்புத் தங்கைக்கு,

நீ அனுப்பிய நடத்தைச் சோதனைத் தாளைப் படித்தேன். ரயில் கூட்டத்தில் மயங்கி விழுந்துவிடுவோம் என்று அஞ்சும் சிப்காட் தொழிலாளியை, கும்மிடிப்பூண்டியிலிருந்து பொன்னேரி வரை போய்வரச் சொல்லியிருக்கிறாய். இதயக் கோளாறு இல்லையென்று டாக்டரிடம் உறுதி செய்துகொண்டாய், நல்லது. போய்வந்தார், விழவில்லை, ஆனால் பயம் அப்படியே இருக்கிறது. ஏன் என்பதற்கு விடை உன் தாளிலேயே இருக்கிறது. வழியெல்லாம் கதவோரம் நின்றிருக்கிறார், கையில் தண்ணீர் பாட்டில், காதில் மனைவியின் குரல். ‘இதனால்தான் தப்பித்தேன்’ என்றே அவர் மனம் கணக்கு எழுதும். இவற்றை ஒவ்வொன்றாக விடவைத்துப் பார். கிளம்பும் முன்பே, என்ன நடக்கும், அதை நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறார் என்று அவர் கையால் எழுதி வாங்கு. பிறகு எழுதினால் நினைவு தன்னைத் திருத்திக்கொள்ளும்.

உன் கணிப்பையும் எழுது. சிகிச்சை தரும் நமக்குத்தான் அது அதிகம் தேவை. சென்னையில் கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்டு முதலானோர் நடத்திய தூக்க ஆய்வைப் பார், 2021இல் வெளியானது. குறைந்த வருமானமுள்ள 452 பேருக்கு டேட்டா என்ட்ரி வேலை கொடுத்து, கையில் கருவி கட்டித் தூக்கத்தை அளந்தார்கள். எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தவர்கள் உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். கண்மறைப்பு, காதடைப்பான் போன்றவற்றால் இரவுத் தூக்கம் சுமார் 27 நிமிடம் கூடியது. வேலைத்திறன் உயரும் என்று நிபுணர்கள் கணித்திருந்தார்கள். உயரவில்லை. பகலில் கண்ணயர அரை மணி நேரம் தரப்பட்டவர்களிடம்தான் வேலைத்திறனும் மனநிலையும் மேம்பட்டன. நைட் ஷிப்ட்காரரிடம் ‘நன்றாகத் தூங்குங்கள், எல்லாம் சரியாகும்’ என்று சொல்ல வாயெடுக்கும்போது இதை நினைத்துக்கொள். (அவர் அறையில் ஃபேன் ஓடுகிறதா என்பதையும் கேள்.)

ஆய்வில் கூட்டத்தின் சராசரி தெரியும். உன் முன்னால் இருப்பவர் ஒருவர். அந்த முடிவை அவருக்கு மருந்துச்சீட்டாக எழுதித் தராதே. அவரோடு சேர்ந்து சோதித்துப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

உன் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. ரோலிங் மில்லில் உலை அருகே போனால் நெஞ்சு படபடக்கிறது என்று ஒருவர் வந்தால், சோதனை பற்றி உடனே யோசிக்காதே. அங்கே என்ன நடந்தது, தடுப்பு இருக்கிறதா, கையுறை கொடுக்கிறார்களா என்று முதலில் விசாரி. பயம் சரியானதாகவே இருக்கலாம். பழுதான மிஷின் முன் துணிச்சலைப் பழக்குவது சிகிச்சை ஆகாது.

கம்பெனி அனுப்பி வருபவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். ஆய்வில் சேர்ந்தவர் வேண்டாமென்றால் விலகிக்கொள்ள உரிமை உண்டு. மேனேஜர் சொல்லி உன்னிடம் வரும் ஒடிசாக்காரத் தம்பி ஒருவருக்கு அந்த உரிமை இருப்பது தெரியுமா? அவருக்குப் புரியும் மொழியில், மேஸ்திரி இல்லாத அறையில் சொல். அவர் சொன்னதை ஹெச்.ஆர். கேட்டாலும் சொல்லாதே.

பொன்னேரிப் பயணத்தை மறுபடி வைக்கும்போது மீஞ்சூர் வரை நீட்டாதே. தூரம் அதேதான், பாட்டில் மட்டும் வீட்டில். உன் கணிப்புக்கும் ஒரு கட்டம் போட்டு, பயணத்துக்கு முன்பே எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா